ஆறு வாரம் கோதுமை

கோதுமையை நிறுத்தி நாலு மாதத்தில் என் வயிற்று வலி அடங்கிவிட்டது. ஏழு வருடம் விழுங்கிய கேஸ் மாத்திரையும் சத்து மாத்திரையும் செய்யாததை, என் தட்டிலிருந்து சப்பாத்தியை ஒதுக்கியது செய்தது. யாராவது சந்தோஷப்பட்டார்களா?

"இன்னா சீன் போடுற ஹெலினா? சுகர் வந்தவன்லாம் சப்பாத்திதான் துன்னுகினு கீறான். உனக்கு மட்டும் ஆவாதா?" என்றார் என் வீட்டுக்காரர் யூஜின். ஒருநாள் ரசம் சாப்பிட்டு எனக்கு வயிறு பிடித்தபோது, "ரசத்துல ஏதுடி கோதுமை?" என்று மாமியார் சாராள் சிரித்தார். பெருங்காய டப்பாவைத் திருப்பி, அதில் மைதா சேர்த்திருப்பதைப் படித்துக் காட்டினேன். அதற்கும் சிரித்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். கேண்டீனில் பாதி நாள் கோதுமை ரவை உப்புமா. வீட்டுச் சாப்பாடு கொண்டு வரட்டுமா என்றதற்கு, டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க மேடம், பார்க்கலாம் என்றார்கள். என் வயிற்றைப் பற்றி நான் சொன்னால் செல்லாது, காகிதம் சொல்ல வேண்டும்.

சரி என்று பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். "சீலியாக் நோயா இருக்கலாம். கோதுமை குடலுக்கு ஆகாத நோய், குடும்பத்துல மத்தவங்களுக்கும் வரும். ரத்தப் பரிசோதனை பண்ணணும், தேவைப்பட்டா எண்டோஸ்கோபி. ஆனா கோதுமையை நிறுத்திட்டீங்களே, இப்ப எடுத்தா சரியா காட்டாது. ஆறு வாரம் தினமும் ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டுட்டு வாங்க."

விழுந்து கால் உடைந்தவளிடம், இன்னொரு தடவை விழுந்து காட்டு என்பது போல இருந்தது. யூஜினுக்கோ ஒரே குஷி. "ஆறு வாரம்தானே, சாப்ட்டு முடி. பேப்பர் வந்தா நானே நம்புறேன்." தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்!

ஞாயிறு சாயங்காலம், வந்த ஆத்திரத்தில் மாவைப் பிசைந்தேன். தின்று தொலைத்து, அந்தக் காகிதத்தை இவர்கள் மூஞ்சியில் எறிவது என்று முடிவு. எனக்கு இரண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் ஒன்பது வயது மகள் ஃபெபிக்கு இரண்டு.

அவள் தட்டைத் தள்ளினாள். "வேணாம்மா. வயிறு வலிக்கும்."

"நடிக்காதடி. நாளைக்கு ஸ்கூல் கீதுன்னாலே உனக்கு வலி வந்துடும்."

ஃபெபியின் முகம் சிவந்துவிட்டது. "உனக்கு வலிச்சுது, நீ நிறுத்திக்கின. எனக்கு வலிச்சா மட்டும் நடிப்பா?"

பிய்த்த சப்பாத்தி என் கையிலேயே இருந்தது. வகுப்பில் இவள்தான் குள்ளம். இரண்டு வருடமாக அதே யூனிஃபார்ம் பாவாடை. புதிதாகத் தைக்க வேண்டாம் என்று மகிழ்ந்தவள் நான். பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது, யோசிக்காமல் இல்லை என்று தலையாட்டியவளும் நானே. என்மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

என் தட்டை ஒதுக்கினேன். என் வயிறு எனக்குத் தெரியும், காகிதம் கிடக்கட்டும். ஃபெபிக்கு ஆறு வாரம் தேவையில்லை. தினமும் என் கையாலேயே கோதுமை ஊட்டி வைத்திருக்கிறேன்.

"நாளைக்கு லீவு போடுறேன். இவளுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

மாமியார் பதறினார். "பொட்டப்புள்ளைக்கு நோயாளின்னு பேர் வெச்சா நாளைக்கு எவன்டி கட்டுவான்?"

"கட்டுறவன் மெதுவா வரட்டும் அத்தே. மொதல்ல இவ வளரட்டும்!" என்று கத்தினேன்.

ஃபெபியின் பக்கம் திரும்பினேன். "அம்மா உன்ன நம்பாதது தப்புடா கண்ணு."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஏன் பார்க்க வேண்டும்? ஏழு வருடம் என்னை நம்பாதவர்களை நான் மன்னித்துவிட்டேனா என்ன?