பாயிண்டில் வந்த இருக்கை

விமான நிலையத்தில் கேட்டுக்கு எதிரே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் மாமனார் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் வைக்கலாம் என்று பெரிய மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நசுங்கிவிடும் என்று மறுத்துவிட்டார். அது சின்னவளின் தலையணை. சிறு வயதிலிருந்து அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. தனக்குப் பிடித்தவனோடு வீட்டை விட்டுப் போன அன்று அதை மட்டும் எடுத்துப் போகவில்லை. அதோடு அப்பாவுக்கும் பெண்ணுக்கும் பேச்சு நின்றுபோனது. போன வாரம் அவளே போன் செய்தாள். இதயத்தில் ஆபரேஷன், அடுத்த வாரம் உள்ளே கொண்டுபோய்விடுவார்கள், அதற்குள் ஒரு தடவை வந்து பார்த்துவிடுங்கள் அப்பா என்றாள். "வந்துர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைப் பெரியவளிடம் கொடுத்தார். பிறகு பரண்மேல் ஏறித் தலையணையைத் தேடி எடுத்து, மொட்டைமாடி வெயிலில் போட்டுத் தட்டினார்.

பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. "காலம் பூரா மேலயும் கீழயும் போயிட்டிருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா மாப்ள? கொஞ்சம் கூடுதலா மேல போகும், அவ்வளவுதானே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். தலையணையைப் பிடித்திருந்த கை மட்டும் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

பெரியவளின் கணவன், அவருடைய மாப்பிள்ளை, கவுன்டரில் நின்றுகொண்டிருந்தான். முதலில் பெட்டிகளைக் கொடுத்த இடத்தில் மூன்று போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். மாமனாருடையதில் மட்டும் இருக்கை எண் இல்லை. கேட்டில் போட்டுத் தருவார்கள் என்றார்கள். இங்கே வந்து கேட்டால் கதை வேறாக இருந்தது. பெரிய விமானம் பழுதாகிவிட்டதாம், அதற்குப் பதில் சின்னதை அனுப்புகிறார்களாம். எல்லோருக்கும் இடம் இல்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் சீட் இருக்கு சார். காசு கட்டின டிக்கெட். அப்பாவோடது பாயிண்ட்ல எடுத்தது, அதனால நாளைக்கு மத்தியான ஃப்ளைட்டுக்கு மாத்திட்டாங்க" என்றாள் கவுன்டர் பெண். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "வயசானவரை மட்டும் ஏன் சார் தனியா போட்டீங்க?"

"அப்படித்தான் கிடைச்சுது."

பொய். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவனுக்குக் காது மடல் சுட்டது.

அவன் ஆஸ்பத்திரி ஸ்கேன் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். மாதத்தில் பாதி நாள் ஆகாயத்தில். ஒவ்வொரு பயணத்துக்கும் விமானக் கம்பெனி கணக்கில் ஏற்றும் பாயிண்ட் போதுமான அளவு சேர்ந்தால் ஓசியில் ஒரு டிக்கெட் எடுக்கலாம். பறந்து பறந்து சேர்த்த பாயிண்டுகளை அவன் பேணுகிற விதத்தைப் பார்த்து அலுவலகத்தில் அவனுக்குப் 'பாயிண்டு' என்றே பெயர். எந்த டிக்கெட்டை எப்போது எடுக்கலாம் என்று மேலாளரே அவனிடம்தான் யோசனை கேட்பார். இந்தப் பயணத்துக்கு அவனிடம் ஒரு இருக்கைக்குப் போதுமான பாயிண்ட் இருந்தது. மற்ற இரண்டுக்கும் காசு. அந்த ஓசி இருக்கையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அவன் யோசித்தான், ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக யோசித்தான். காசு கொடுத்துப் பறந்தால் பறப்பவரின் கணக்கில் புதுப் பாயிண்ட் ஏறும். அவனுக்குக் கணக்கு உண்டு, மனைவிக்கும் உண்டு. மாமனாருக்குக் கிடையாது. அவருக்குக் காசு கட்டினால் வரவேண்டிய பாயிண்ட் காற்றோடு போய்விடும். ஆகவே அவரைப் பாயிண்டில் போட்டான். ஒரே விமானம்தானே, யார் எதில் வந்தால் என்ன? அன்றைக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

மாமனார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இஸ்திரிக்காரரிடம் சொன்னார், வாட்ச்மேனிடம் சொன்னார், மாவு மில்லில் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். "மாப்பிள்ளை தனக்குன்னு சேர்த்து வெச்சதைத் தூக்கி எனக்குக் குடுத்துட்டாரு. யாரு குடுப்பா இந்தக் காலத்துல?" பக்கத்தில் மாப்பிள்ளை இளித்துக்கொண்டு நின்றான். அந்த இளிப்பு இப்போது நினைவுக்கு வந்தது.

"என் சீட்டை அவருக்குக் குடுத்துடுங்க. நான் நாளைக்கு வரேன்."

"பேர் மாத்த முடியாது சார். நீங்க வேண்டாம்னு விட்டா, அது வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போகும். அவருக்கு முன்னாடி ஒருத்தர் இருக்கார். பாயிண்ட்ல வந்தவங்க எப்பவும் கடைசிதான்."

"என்ன சொல்றாங்க?" பின்னாலிருந்து மனைவியின் குரல். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவன் சொன்னான்.

"நாளைக்கு மத்தியானம் அப்பா போயி என்னங்க பண்றது? காலையிலயே அவளை உள்ள கொண்டு போயிருப்பாங்களே. அவ கேட்டதே அப்பாவைத்தானே. அவரைப் போயா அந்த டிக்கெட்ல போட்டீங்க?"

கவுன்டர் பெண்ணிடம் சொன்ன பொய்யை இவளிடமும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து தலையணை உறையின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தவரைப் பார்த்தபின் முடியவில்லை.

"உனக்கும் எனக்கும் பாயிண்ட் ஏறும்னு பார்த்தேன். அவருக்குக் கணக்கு இல்லையே, வீணாப் போயிடுமேன்னு..."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

"அவரு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரே" என்றாள். அவ்வளவுதான்.

அவன் தன் பாஸைக் கவுன்டரில் வைத்தான். அது பட்டியலில் முன்னால் இருப்பவருக்குப் போய்விடும், அப்பாவுக்கு இன்னொன்று வேண்டும். அவள் தன்னுடையதைப் பார்த்தாள். சின்னவளைக் குளிப்பாட்டிச் சடை பின்னி வளர்த்தவள் அவள். அம்மா இல்லாத வீட்டில் அவள்தான் அம்மா. வீட்டை விட்டுப் போனபிறகும் அப்பாவுக்குத் தெரியாமல் போனில் பேசியவள். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தங்கையைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பு அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் இருந்தது. அதை அவன் பாஸின் பக்கத்தில் வைத்தாள். விரலை எடுக்கத்தான் நேரமாயிற்று.

பட்டியலில் முதலில் இருந்தவன் கோட்டுப் போட்ட இளைஞன். இருக்கை கிடைத்ததும் ஓடிவந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ரொம்ப தேங்க்ஸ் சார். பெரிய மனசு சார் உங்களுக்கு." மாப்பிள்ளைக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

இரண்டாவது இருக்கை மாமனாருக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் அவர் ஏறமாட்டார். அது இருவருக்கும் தெரியும். இறங்கும் இடத்தில் சின்னவளின் கணவனை நிற்கச் சொல்லி மனைவி போனில் பேசினாள். மாமனார் இதுவரை நிமிர்ந்தும் பார்த்திராத மருமகன் அவன். விமானம் கிளம்பியதும் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லும்படி பணிப்பெண்ணிடம் சொல்வதாகக் கவுன்டர் பெண் ஏற்றுக்கொண்டாள்.

"அப்பா, வயசானவங்களை முதல்ல ஏத்துறாங்க. நீங்க போங்க."

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். கவுன்டரில் நடந்த பேச்சைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பார் போல. மாப்பிள்ளையின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்காக இன்னும் ஏதாவது கேட்டாங்களா மாப்ள? உங்க பாயிண்ட் பூராவும் என்னாலதான் கரைஞ்சு போச்சு."

"இல்ல மாமா. அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான்.

"நீங்க ரெண்டு பேரும் எங்க உக்காருவீங்க? முன்னாலயா, பின்னாலயா?"

மகள் தலையணையின் மடங்கியிருந்த முனையை நிமிர்த்திவிட்டாள். "பின்னாலதாம்பா."

"அப்போ சரி" என்று தலையணையை அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

கண்ணாடிக்கு அப்பால் விமானம் நின்றது. வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். அவர் எந்த ஜன்னலில் இருக்கிறார் என்று தெரியவில்லை. இருவரும் கண்ணாடியை ஒட்டி, நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு நின்றார்கள். கதவை மூடினார்கள். விமானத்தோடு ஒட்டியிருந்த நடைபாலம் மெதுவாக விலகியது. உள்ளே அவர் பெல்ட்டுக்கு மேல் தலையணையை வைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பி, பின்வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருப்பார்.