இடப்புறமாக நடந்தவள்

கலை வரலாற்றையும் தொடர்பியலையும் ஒருசேர எடுத்துப் படிக்கிறவளை உறவினர் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான்: "படிச்சு முடிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?" பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிற்று. இறுதியாண்டில்தான் மெய்யாகவே ஒரு பதில் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. நகரத்து ஓவியக்கூடத்தில், பார்வையாளர்களுக்குப் படங்களை விளக்கிச் சொல்ல ஒரு மாணவர் தேவைப்பட்டார். இடமோ ஒன்று; விரும்பியவரோ இருவர். ஒருவன், மூச்சு விடாமல் பேசுவதால் வகுப்பில் 'வானொலி' என்று பெயர் வாங்கியவன். மற்றவள் இவள். எதைச் சொன்னாலும் அதற்கொரு விலக்கையும் சேர்த்துச் சொல்லுவாள் ஆதலால் இவளுக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர்.

ஆளுக்கொரு படத்தின் முன் நின்று, வந்திருக்கும் பொதுமக்களிடம் பேச வேண்டும். கூடத்தின் தலைவி பின்னால் நின்று கேட்பார். அதுவே தேர்வு. அவள் தேர்ந்தது, கையில் மூட்டையுடன் மழையில் பாலத்தைக் கடக்கும் ஒரு பெண்ணின் ஓவியம். அது நெடுநாளாகப் பழுதுபார்க்கும் அறையில் கிடந்தமையால், பேராசிரியர் வகுப்பறைத் திரையில் காட்டிய நகலை மட்டுமே அவள் அறிவாள். அதைக் கொண்டே ஒரு நீண்ட கட்டுரை எழுதி, பேராசிரியரின் பாராட்டையும் பெற்றிருந்தாள். நம் கண் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியது. இப்பெண்ணும் வலப்புறமாக நடக்கிறாள். ஆகவே இவள் எதிர்காலத்தை நோக்கிப் புறப்படுகிறவள். மூட்டை இடக்கையில் இருப்பது மனத்தின் தயக்கம். இவ்வாறு போயிற்று அக்கட்டுரை.

தேர்வு நாளன்று பேராசிரியர் வந்திருந்தார்; அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு அம்மாவும் வந்திருந்தாள்.

"நான் நடுவுல கைதட்டலாமாடி?"

"அம்மா, இது ஓவியக்கூடம். சும்மா நில்லு, போதும்."

சொல்லிக்கொண்டே, பழுதுபார்த்துச் சுவரில் மீண்டும் மாட்டியிருந்த அந்த ஓவியத்தை ஏறிட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். பாலம் இருந்தது, மழை இருந்தது. ஆனால் அந்தப் பெண் இடப்புறமாக நடந்துகொண்டிருந்தாள். மூட்டை வலக்கையில் இருந்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். படம் மாறவில்லை.

"பழைய ஃபிலிமைப் பக்கம் மாத்தி வெச்சு ஸ்கேன் பண்ணியிருக்காங்கம்மா. இதை நேர்ல பார்த்து எனக்கும் ரொம்ப வருஷமாச்சு... நானும் கவனிக்கல." அவர் குரல் தாழ்ந்தது. "இன்னைக்கு ஒண்ணு செய். பக்கத்தையும் கையையும் மட்டும் மாத்திச் சொல்லிடு. வந்திருக்கிறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"அதை மாத்தினா கட்டுரையே கழண்டுடும் சார்."

வானொலி அப்போதுதான் தன் பேச்சை அருவிபோலக் கொட்டி முடித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்தான். நடந்ததைக் கேட்டவன் அவள் காதருகே குனிந்தான்.

"அடிக்குறிப்பு, பேசாம ஒரு கண்ணாடியைப் பிடிச்சு, இதுல பாருங்கன்னு காட்டிடு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தால் வேலை கிடைக்கலாம். ஆனால், தம் கண்ணெதிரே ஒருத்தி இடப்புறம் நடக்க, அவள் வலப்புறம் போகிறாள் என்று மனிதரிடம் எப்படிச் சொல்லுவது?

கூட்டத்துக்கு முன் போய் நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் தயார் பண்ணிட்டு வந்த பேச்சு தப்பு. நான் பார்த்துப் படிச்சது, பக்கம் மாறிப்போன ஒரு நகல். அதுல இவங்க அந்தப் பக்கம் போயிட்டிருந்தாங்க. அதை வெச்சு, இவங்க ஊரை விட்டுப் புறப்படுறாங்கன்னு பக்கம் பக்கமா எழுதிட்டேன்."

சிலர் சிரித்தனர். பேராசிரியர் தரையைப் பார்த்தார்.

"இப்போ பார்த்தா, திரும்பி வர்ற மாதிரியும் இருக்கு."

தடித்த கோட் அணிந்த முதியவர் ஒருவர் இடைமறித்தார். "ஏன், இந்தப் பக்கமா புறப்பட்டுப் போகக்கூடாதா?"

"போகலாம் ஐயா. பக்கத்தை வெச்சு மட்டும் சொல்ல முடியாதுன்னு எனக்கே இப்பதான் உறைக்குது." அவள் படத்தினருகே நகர்ந்தாள். "ஆனா ஒண்ணு. எப்படித் திருப்பினாலும் மாறாதது அந்தத் தோள். பாருங்க, மூட்டை அதை எவ்வளவு கீழே இழுக்குது. அது மேல நான் ஒரு வரிகூட எழுதல."

எல்லோருடைய கண்களும் அத்தோளின் மேல் போய் நின்றன. அவ்வளவோடு நன்றி கூறி விலகினாள். அம்மா கைதட்டலாமா என்று யோசித்து, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

தலைவி அருகில் வந்தார். "பேச்சு பாதியிலேயே நின்னுடுச்சே?"

"மீதி தப்பா இருந்துச்சு மேடம்."

"ம். அந்தப் பெரியவர் இன்னும் நகரல, பார்த்தியா? பேச்சு முடிஞ்சதும் எல்லாரும் காபி குடிக்கப் போயிடுவாங்க, அதுதான் இங்க வழக்கம்." தலைவி சற்று நேரம் முதியவரையே கவனித்தார். "திங்கட்கிழமை வா. மத்த படங்களை நேர்ல பார்த்துட்டு, அப்புறம் எழுது."

வானொலி முகத்தைச் சுளிக்காமல் கைகொடுத்தான். பேராசிரியர், "நாளைக்கு வகுப்புல நான் வாயைத் திறக்கிறதே இதைச் சொல்லத்தான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

"என்னடி, கிடைச்சுதா?" அம்மா முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"கிடைச்சுடுச்சு."

"தப்பாப் படிச்சேன்னு சொன்னதுக்கா? நல்ல படிப்புடி இது! வா, வீட்டுக்குப் போகலாம், எனக்குக் கால் கடுக்குது."

"கொஞ்சம் உட்காரும்மா. நான் இன்னும் இதைச் சரியாவே பார்க்கல."

அம்மாவை நாற்காலியில் அமர்த்திவிட்டு, அவள் அந்த முதியவரின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் திரும்பாமலேயே சற்று விலகி இடம் விட்டார்.