நடுவில் நின்ற முள்

2003 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, காந்திகிராமத்துக்குச் சற்று முன்னால் மதுரைச் சாலையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. முன்மூடியைத் திறந்ததும் ஆவி அடித்தது. உள்ளே, வெப்பம் காட்டும் முள் நடுவில் நின்றிருந்தது.

எட்டு வருடம் பிறர் வண்டிகளை ஓட்டிய தங்கமுத்து சொந்தமாக வாங்கிய முதல் கார் அது. நாற்பது நாளைக்கு முன் அக்கா மகேஸ்வரியின் கணவர் அன்புமணியிடம் வாங்கினான். வண்டியைக் கொடுத்த அன்று அக்காதான் முன்கண்ணாடிக்குக் கீழே குங்குமம் வைத்தாள். "இனிமே நீ மொதலாளிடா. சித்திரையில ஜீவிதாவுக்குக் காதுகுத்து. இந்தக் கார்லயே வந்து தாய்மாமனா அவளை மடியில வச்சுக்கணும்" என்றாள். சாவியைத் திருப்பியதும் முள் நடுவுக்கு வந்துவிடும், பிறகு அசையாது. எஞ்சின் சுத்தமாக இருப்பதன் அடையாளம் என்று அவன் நினைத்தான். அக்காவிடம் போனில் பெருமையாகச் சொல்லவும் செய்தான். "நல்லதுடா" என்று சொல்லிவிட்டு உடனே காதுகுத்துப் பேச்சுக்குத் தாவினாள்.

கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியை பேகம்பூர் ஷெட்டில் மெக்கானிக் நூர் அகமது குனிந்து பார்த்தார். "பச்சத்தண்ணியிலயே முள்ளு நடுவுல நிக்கிது. அதப் பாத்துச் சந்தோசப்பட்டியாக்கும்? எட்டு வருசம் என்னத்த ஓட்டுன?"

தண்ணீர் எஞ்சினை விட்டு வெளியேறும் இடத்தில் கட்டைவிரல் பருமனில் இரண்டு பித்தளை உருப்படிகள் திருகப்பட்டிருந்தன.

"ரெண்டும் ஒண்ணுன்னு நெனைக்காத தம்பி. ஒத்த ஒயரு போறது முள்ளுக்கு, சூட்டச் சொல்றது. ரெண்டு ஒயரு போறது சுவிட்சு, பேனப் போட்டு விடுறது."

சுவிட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும் பேன் சுற்றியது. "பேன் நல்லாருக்கு. சுவிட்சுதான் செத்துக் கெடக்கு. இத மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். இப்ப சூட்டுல எஞ்சின் ஹெட்டே வளைஞ்சு போச்சு."

பிறகு ஒற்றை ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அது பித்தளைக்கு வந்து சேரவில்லை. நான்கு விரற்கடை முன்னாலேயே ரப்பர் குழாய்க்குப் பின்னால் திரும்பி, ரேடியோக்களுக்குள் இருப்பது போன்ற சின்ன ரெசிஸ்டர் ஒன்றில் முடிந்தது. அதன் மறுமுனை வண்டியின் தகரத்தில் முடுக்கப்பட்டிருந்தது.

"எம்புட்டுக் கொதிச்சாலும் முள்ளு நடுவுலதான் நிக்கும். தெரிஞ்சு செஞ்ச வேல."

மச்சான் செய்திருப்பார் என்பதைத் தங்கமுத்துவால் ஜீரணிக்க முடிந்தது. வண்டி விற்கிறவன் குறையை மறைப்பது அவன் காணாததல்ல. ஆனால் இணைப்பில் சுற்றிய கறுப்பு டேப்பின் மேல் வெள்ளை நூல் கட்டியிருந்தது. பூக்கட்டும் நூல். வளையம் ஒவ்வொன்றும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மகேஸ்வரி இடக்கைக்காரி. அவள் கட்டிய சரத்தை மட்டும் நிலக்கோட்டை வியாபாரிகள் பார்த்தவுடனே பிரித்தெடுத்துவிடுவார்கள்.

நூலோடு அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிலக்கோட்டையில் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினான். பஸ்ஸில் ஒரே நினைப்பு: மச்சான் ஏதோ ஒயரைக் கட்டச் சொல்லியிருப்பார், எதற்கென்று தெரியாமல் கட்டியிருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அக்கா முறம் நிறைய மல்லிகையோடு உட்கார்ந்து சரம் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வாடா. சாப்டியா?"

"வண்டி நடுரோட்டுல நின்னுபோச்சுக்கா."

இடக்கை நின்றது. "சூடாயிருச்சா?"

டயர் வெடித்திருக்கலாம். பெட்ரோல் தீர்ந்திருக்கலாம். சூட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அது அவளுக்கும் உறைத்தது. கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள்.

"அவருதான்டா... தூரமா ஓட்டமாட்டான், ஒண்ணும் ஆகாதுன்னாரு."

சட்டைப்பையிலிருந்த துண்டை எடுத்து முறத்தில், பூவின் மேல் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. அவன் வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஒரு வாய் சாப்ட்டுப் போடா" என்ற குரல் கேட்டது.

சித்திரை கடைசி முகூர்த்தத்தில் பழனியில் வைத்து ஜீவிதாவுக்குக் காது குத்தினார்கள். குழந்தை அன்புமணியின் அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்தது.