பற்றரியில் எழும்ப வேண்டும்

கடைக்காரர் முனாப் நானா இரண்டு லெப்டொப்புகளை மேசையில் அருகருகே வைத்தார். இரண்டும் வேறு யாரோ பாவித்து விற்றவை. இரண்டும் என் கைக்கு எட்டுகிற விலை. அவருடைய கடை கண்டி யட்டிநுவர வீதியில், ஒரு செருப்புக்கடையின் மேல்மாடியில் இருந்தது.

"இத எடுங்க தம்பி," என்று கறுப்பைத் தட்டினார். "இதுல படத்துக்கெண்டே தனியா வீ.ஜி.ஏ. காட் ஈக்குது. வீட்டுப் படத்தப் போட்டுத் திருப்பினா தண்ணி மாதிரித் திரும்பும். இந்தச் சாம்பல்ல அது இல்ல."

"பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும், நானா?"

"கறுப்புட பற்றரி செத்துட்டு. வயரக் குத்திப் பாவிங்க. நீங்க என்ன, பஸ்ஸுக்குள்ள ஈந்தா வீடு கட்டப் போறீங்க?"

காசுமேசையில் இருந்த அவர் மனைவி றமீஸா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அது 2008. நான் யாழ்ப்பாணத்தான். யுத்தத்தால் ஊருக்குப் போகிற பாதை மூடிக் கிடந்தது. கம்பளையில் ஓர் அறை எடுத்திருந்து, கண்டியில் ஒரு சிங்கள எஞ்சினியருக்குக் கொம்பியூட்டரில் வீட்டுப் படங்கள் கீறிக்கொடுத்தேன். வீடு எழும்புகிற இடத்துக்கே படத்தைக் கொண்டுபோய், மேசன்மார் கேட்கிற மாற்றங்களை அங்கேயே திருத்திக் கொடுப்பதும் என் வேலை.

ஒருநாள் ஒபிஸின் பழைய லெப்டொப்போடு பஸ்ஸில் வந்தேன். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த சிப்பாய், மெஷினைப் போட்டுக் காட்டச் சொன்னான். பற்றரி செத்த மெஷின் எழும்பவில்லை. எழும்பாத ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று அவன் யோசித்ததில் பிழை சொல்ல முடியாது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. பின்னேரம் எஞ்சினியர் வந்து கையெழுத்து வைத்த பிறகுதான் விட்டார்கள். காரில் போகும்போது, அடுத்த தடவை தன்னால் வரமுடியாமல் போகலாம் என்றார். ஒழுங்காக வேலை செய்யும் ஒரு மெஷினைச் சொந்தமாக எடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அந்த வேலை போனால், வெளியூர்த் தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவில் நான் ஏன் கம்பளையில் இருக்கிறேன் என்பதற்கு எழுத ஒரு காரணமும் இருக்காது.

இதையெல்லாம் முனாப் நானாவிடம் நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அதனால் நல்ல காட் உள்ள மெஷினை விட்டுவிட்டுப் பற்றரியை மட்டும் விசாரிக்கும் விசர்ப் படவரைஞனாக அவர் முன்னால் நின்றேன்.

"புரொசஸர் ரெண்டிலயும் ஒண்டுதானே?" என்று கேட்டேன்.

"ஒண்டுதான். வேகமும் ஒண்டுதான்."

அது நல்ல செய்தி. படம் கீறும் மென்பொருளுக்குக் கோடு என்பது கோடே அல்ல, இரண்டு புள்ளிகளின் இலக்கங்கள். வீட்டைக் கொஞ்சம் திருப்பினால் எல்லாப் புள்ளிகளையும் அது புதிதாகக் கணக்குப் பார்க்கவேண்டும். அந்த மென்பொருள் இந்தக் கணக்கை வரிசையாகத்தான் செய்யும். ஒன்று முடியாமல் மற்றது தொடங்காது. ஆகவே புரொசஸருக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, ஒருவன் எவ்வளவு கெதியாக ஓடுகிறான் என்பதே முக்கியம். ரெம் என்பது மேசை. மேசை சின்னதென்றால் தாளை மடித்து மடித்து வைத்துத்தான் கீறவேண்டும். வீ.ஜி.ஏ. காட்டின் வேலை கடைசியில் வருகிறது. சுவருக்கு நிறம் பூசி, நிழல் விழுத்திக் காட்டுவது அதுதான்.

இதை நான் சொல்லச் சொல்ல நானா தலையாட்டினார். பிறகு அவர் சூடு எங்கே போகிறது, விசிறி ஏன் இரைகிறது என்று தொடங்கினார். நான் ஒரு திருத்தம் சொன்னேன். அவர் அதற்கு ஒரு திருத்தம் சொன்னார்.

"ரெண்டு மாஸ்டர்மாரும் சேந்தாச்சு," என்றார் றமீஸா. "இண்டைக்கு யாவாரம் இல்ல. நான் கடையப் பூட்டவா?"

"ஒனக்கு என்ன விளங்கும்? சும்மா இரி."

"எனக்கு விளங்கும். அவர் வாங்குறதுக்கு முந்தி நீங்க ரெண்டு பேரும் பரீட்சை எழுதப் போறீங்க."

எனக்கு விடை தெரிந்த கேள்விகளையும் கேட்டேன். அந்த மாதத்தில் ஒருவரோடு நான் இவ்வளவு நேரம் தமிழில் கதைத்ததில்லை. பஸ்ஸில் வாயைத் திறந்து ஒரு 'ஓம்' சொன்னாலே ஊர் தெரிந்துவிடும் என்று, வெறும் தலையசைப்போடு பழகியிருந்தேன்.

நானா வயர் எடுக்க உள்ளே போனார். நான் சாம்பல் மெஷினில் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவருடைய குரல் வந்தது.

"தம்பி, காட் ஈக்குதா?"

என் கை சட்டைப்பைக்குப் போனது. அடையாள அட்டையை எடுத்தேன், அதன் உறைக்குள் மடித்து வைத்திருந்த பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்தேன், விரித்து மேசையில் வைத்தேன், இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன். எல்லாம் யாரும் சொல்லாமலே செய்தேன்.

றமீஸா சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அல்லாவே," என்றார் நானா. "நான் கேட்டது ஒங்கட ஒபிஸ் மெஷின்ல வீ.ஜி.ஏ. காட் ஈக்குதா எண்டு."

"ஓம்... இல்லை. அதிலை இல்லை."

பதிவுத் துண்டை அவரே மடித்து அட்டையின் உறைக்குள் வைத்து என்னிடம் நீட்டினார். அதன்பிறகு நான் சாவடியில் நடந்ததைச் சொன்னேன்.

நானா கறுப்பை எடுத்துப் பின்னால் இருந்த அலுமாரியில் வைத்தார்.

"இத மொதல்லேயே சொல்லியிருந்தா அரை நாள் மிஞ்சியிருக்கும்," என்றார். "சாம்பல எடுங்க. இதுட பற்றரி நல்லம். காட் இல்லாதபடியா இது ரெம்முல கடன் வாங்கித்தான் படம் காட்டும். நான் இன்னொரு ரெம் போட்டுத் தாறன். ஆனா சுவரெல்லாம் நிறத்தோட திருப்பப் பாக்காதீங்க, இழுக்கும். கம்பிக்கூடா வச்சித் திருப்புங்க."

"கோடு தெரிஞ்சால் எனக்குக் காணும்."

"முக்கியமான வேல இனித்தான். பஸ் ஏற முந்தி ஓஃப் பண்ணாதீங்க. மூடுங்க, தூங்கும். தூங்கும்போது ரெம் மட்டுந்தான் பற்றரியில கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கும். தெறந்தா ஒடனே எழும்பும். வின்டோஸ் வரும்வரைக்கும் துவக்குக்கு முன்னுக்கு நிக்கத் தேவல்ல."

நாங்கள் திரும்பத் திரும்ப மூடித் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் எழும்பியது.

"புள்ளைக்குச் சொல்லிக்குடுக்குற மாதிரி," என்றார் றமீஸா. இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, கம்பளையிலிருந்து கண்டி போகிற பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். பக்கத்தில் ஒரு வயதான சிங்களப் பெண், மடியில் கீரைக்கட்டுகளோடு. அவர் என்னிடம் நேரம் கேட்டார். கைக்கடிகாரத்தைக் காட்டினேன். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் அந்தளவு சிங்களம் விளங்கும். சிரித்தேன்.

சாவடியில் இறங்கினோம். இது வீடு, இது மாடிப்படி, இது தண்ணீர்த்தாங்கி என்று சிங்களத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அட்டையைக் கொடுத்தேன். சிப்பாய் பிறந்த இடத்தை வாசித்தான், என்னை நிமிர்ந்து பார்த்தான், எல்லாருக்கும் முன்னால் வரிசையிலிருந்து விலகி நிற்கச் சொன்னான். பையைக் காட்டினான். திறந்தேன். திரை உடனே எழும்பியது. சுவரில்லாத வீடு, எல்லா அறைகளும் ஊடாகத் தெரிய, கம்பிகளாக நின்றது.

அவன் ஒரு கணம் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை.

"ஹரி, யன்ன," என்றான். சரி, போ.

பஸ் எனக்காக நின்றுகொண்டிருந்தது. வேலை தப்பியது என்ற நினைப்பில் படியில் ஏறினேன். கீரைக்காரப் பெண் என் இருக்கைக்குப் பக்கத்தில் இல்லை. பின்னால், ஏற்கனவே இரண்டு பேர் இருந்த இருக்கையில் ஒடுங்கி இருந்தார். நான் பார்த்ததும் கீரைக்கட்டைக் குனிந்து சரிசெய்தார்.

கண்டி வரைக்கும் அந்த இடத்தில் வேறு யாரும் வந்து இருக்கவில்லை. இரண்டு பேருக்கான இடம், கை நீட்டி வேலை செய்யத் தாராளம். லெப்டொப்பை விரித்து, மேசன் கேட்டிருந்தபடி மாடிப்படியைக் கொஞ்சம் அகலமாக்கத் தொடங்கினேன்.