முதுகுக்குப் பின்னால் இடது கை

பள்ளி ஆய்வகத்தில் தவளைகளுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தது அக்காதான். உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதிலேயே தலைமையாசிரியரை நச்சரித்து டேப்லெட்டுகளை வரவழைத்துவிட்டாள். திரையில் தவளை மல்லாந்து கிடக்கும். விரலால் கோடு இழுத்தால் தோல் பிரியும். தப்பாகிவிட்டால் ஒரு பொத்தான்; தவளை பழையபடி முழுசாகிவிடும். ஒரே தொல்லை, இன்னொரு விரல் பட்டால் படம் நகர்ந்துவிடும். அதனால் பிள்ளைகளை இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லிப் பழக்கினாள். கத்தியும் இடுக்கியும் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டன.

தங்கையும் அவளிடம்தான் படித்தாள். வகுப்பில் மிஸ், வீட்டில் அக்கா. கால்நடை மருத்துவம் தவிர வேறெதையும் அவள் நினைத்ததில்லை. திரைத் தவளையை அவள் வேகத்துக்கு அறுக்க ஆளில்லை.

"டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னீங்க?" என்பார் அப்பா.

"எல்லாரையும் உயிரோட திருப்பி அனுப்பிட்டேன்பா."

தான் சேர விரும்பிய கல்லூரியின் நுழைவுத் தேர்வில் செய்முறையும் உண்டு என்று தெரிந்ததும் தங்கை கேட்டாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை நிஜத் தவளையில செஞ்சு பாக்கட்டுமா?"

"எதுக்குடி? நீதான் கண்ணை மூடிக்கிட்டே செய்வியே. அந்த நாத்தத்துல நின்னா ரெண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது."

தான் மாணவியாக இருந்தபோது பட்ட பாடு தங்கைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

தேர்வு முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"கத்தி நேரா இதயத்துக்குள்ள போயிடுச்சுக்கா. கிளம்பலாம்னுட்டாங்க."

"எப்படிடி?"

"'இடது கை எங்கம்மா?'ன்னு எக்ஸாமினர் கேட்டார். அப்புறம்தான் பாத்தேன். பின்னால கட்டியிருந்தேன்."

இடது கை இடுக்கியால் தோலைத் தூக்கிப் பிடித்தால்தான் கத்தி ஆழம் இறங்காது. முதல் பாடமே அதுதான். அதைத்தான் அக்கா அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள்.

"நீ திட்டுவேன்னு நினைச்சேன்" என்றாள் தங்கை மெதுவாக. தங்கை தன்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

மறுநாள் கீழ்வகுப்புக்கு ஆய்வக நேரம். டேப்லெட்டுகள் ஒளிர்ந்தன. யாரும் சொல்லாமலே இடது கைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போயின.

"மிஸ், ஆரம்பிக்கலாமா?"

அலமாரிச் சாவியை இறுகப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டே இருந்தாள்.