கரண்ட் ஆபீஸ்

நான் சும்மா சந்தேகப்படுகிறவள் இல்லை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். சட்டை தைக்கும் கம்பெனியில் நான் செக்கிங். தைத்து முடித்த சட்டை என் மேஜைக்கு வரும். காலரைப் புரட்டி, கையைத் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் ஆடுகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவேன். நல்ல சட்டை என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு குறையும் கண்ணில் படாது. குறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

வீட்டிலும் அதே கண்தான். வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர அது என்ன செருப்பா?

அந்தக் கண்ணால்தான் என் மகனைப் பிடித்தேன். வேலையை விட்டு நின்றவன், நின்றதைச் சொல்லாமல், தினமும் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தான். மாதக்கணக்கில். எந்தப் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தானோ. சாயங்காலம் அவன் கழற்றிப் போடும் சட்டையில் ஏசி ரூமில் இருந்தவனின் வாசனை இல்லை, வெயில் வாசனை. கேட்டேன். மழுப்பினான். விடாமல் கேட்டேன். கடைசியில் ஒத்துக்கொண்டான். பொய் சொல்கிறவனுக்கு இந்த வீட்டில் இடம் கிடையாது என்று சொன்னேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டதாக நான் நினைக்கவில்லை. அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு வருஷம் ஆகிறது. வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று அவனுடைய சிநேகிதன் சொல்லித்தான் தெரியும். நான் போன் போட்டால் எடுப்பதில்லை.

ஆக, எனக்கென்று மிச்சம் இருப்பது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அவரும் பொய் சொல்ல ஆரம்பித்தால் நான் எங்கே போவேன்?

ஆரம்பித்துவிட்டார்.

அவர் ஸ்கூல் பஸ் டிரைவர். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கொண்டுவந்து விட்டால் அவர் வேலை முடிந்தது. முன்பெல்லாம் வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். கொஞ்ச நாளாக அந்தத் தூக்கம் இல்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டு அவசர அவசரமாக வருகிறார். முகம் கழுவுகிறார். தலை சீவுகிறார். மகன் விட்டுப்போன அறையில், மகன் விட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார எவராவது தலை சீவுவார்களா?

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நான் கதவைத் தள்ளினால் சிரிப்பு நின்றுபோகும். திரையில் ஒரு சிப்பாய் ஓடிக்கொண்டிருப்பான். அது இவர். ஓடுவார், பதுங்குவார், மறுபடி ஓடுவார். ஒரு தடவையாவது இவர் சுட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்திலேயே இன்னொரு சிப்பாய் வந்து, இவருக்கும் சேர்த்துச் சுட்டுக்கொண்டிருப்பான்.

"யார்கூட பேசிக்கிட்டிருந்தீங்க?"

"இந்த விளையாட்டுல பேசிக்கிட்டேதான் ஆடணும். டீம்."

"டீம்ல யாரு?"

"யாரோ எவரோ. உலகம் பூரா இருக்காங்க." முகத்தில் திருட்டு முழி.

உலகம் பூரா இருக்கிற யாரிடமோ எவரிடமோ, "இருமல் தேவலையா?" என்று கேட்டதை நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருந்தேன். யார் காதில் பூச்சுற்றுகிறார்?

பிறகு ஒருநாள் அவர் பையைத் துவைக்க எடுத்தபோது ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைத்தது. விரல் நீளம், தட்டையாக, கண்ணாடி மாதிரி. உள்ளே ஏதோ இருந்ததற்கு அச்சு மட்டும் இருந்தது. பொருள் இல்லை. நகை வாங்கினால்கூட இப்படித்தான் ஒரு டப்பாவில் கொடுப்பார்கள் என்று தோன்றியது.

"இது என்னங்க?"

"அதுவா? பஸ்ஸுக்கு ஒரு பார்ட்ஸு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பல வருஷமாக பஸ் ஓட்டுகிறவரோடு குடித்தனம் நடத்துகிறேன். பஸ் பார்ட்ஸ் எண்ணெய்ப் பிசுக்கோடு பழைய துணியில் சுற்றித்தான் வரும். டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எங்களுக்குப் பழக்கம். எங்கள் வீட்டு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தவரே அவர்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டப்பாவை அவர் முன்னால் வைத்தேன்.

"இது பஸ்ஸுல எங்க மாட்டுற பார்ட்ஸு?"

"பஸ்ஸுலயா? இது ரேம் வந்த டப்பாம்மா. மெமரி. சார்தான் வாங்கிட்டுப் போனார்."

"யாருக்கு மெமரி?"

"கம்ப்யூட்டருக்குத்தான். மனுஷனுக்குப் போட முடிஞ்சா முதல்ல நான் எனக்கு ஒண்ணு போட்டிருப்பேனே." அவரே சிரித்துக்கொண்டார். "கேம் தடுமாறுதாம். ஓடிக்கிட்டே இருக்கும்போது உறைஞ்சு நின்னுடுதாம். மெமரி பத்தலைன்னா அப்படித்தான். நீங்க செக்கிங் பண்ற மேஜை சின்னதா இருந்தா வேலை ஓடுமா? பின்னாடி குடோன் எவ்வளவு பெருசா இருந்து என்ன? அந்த மேஜைதான் இது. மேஜையைப் பெருசாக்கிக் குடுத்திருக்கேன். நானே வந்து மாட்டுறேன்னேன், வேணாம்னுட்டார்."

வீட்டுக்கு ஆள் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும் இல்லையா.

"இந்த வயசுல இவர் கேம் தடுமாறினா என்ன, தடுமாறாட்டி என்ன?"

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. கூட ஆடுற ஆள் ஒருத்தர் இருக்காங்களாம். இவர் உறைஞ்சு நின்னா, இவரைக் காப்பாத்த ஓடிவந்து அவங்க செத்துப்போயிடறாங்களாம். எனக்காக வர்ற ஆள் என்னால சாகக் கூடாதுன்னார். சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு, பாவம்."

கலங்கியதாமே. என் அப்பா போனபோது கூடக் கலங்காத கண்.

"அந்தக் கூட ஆடுற ஆள் ஆம்பளையா, பொம்பளையா?"

"அதையெல்லாம் நான் எப்படிம்மா கேட்பேன்?" என்றவர் பேச்சை மாற்றினார். "அந்தப் பழைய மிஷினு இருக்கா? என்ன மிஷின் அது. அதோட மொத்த மெமரியும் இன்னைக்கு நாலு போட்டோவுக்குப் பத்தாது. அதுலயே என்னமா விளையாடுவாங்க அப்பனும் புள்ளையும்."

அந்த மிஷின் எப்போதோ செத்துப்போனது. ஆனால் அவர் சொன்னதும் வீடு திரும்பும் வழியெல்லாம் அதுதான் என்னோடு நடந்துவந்தது. அழுக்கு வெள்ளையில் ஒரு பெட்டி, அதன் மேல் முதுகு வீங்கிய ஒரு திரை. ஸ்விட்சைப் போட்டால் கறகறவென்று பல்லைக் கடிக்கும். நான் பாதிச் சமையலை முடித்த பிறகுதான் படம் வரும். கம்பெனியில் கழித்துப்போட்ட துணியில் அதற்கு நான்தான் உறை தைத்தேன். வேலை பார்த்த பழக்கத்தில் அதற்குக் காலர்கூட வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அந்தக் காலரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள்.

இருந்தது ஒரே கீபோர்டு. அப்பா அம்புக்குறிகளை அழுத்தி ஓட்டுவார். மகன் நீளப் பொத்தானைத் தட்டிச் சுடுவான். பரீட்சை நேரத்தில் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், இரண்டு பேரும் கேட்கவில்லை. நான் வேலை விட்டு வந்ததும் முதல் வேலையாக அந்தத் திரையின் முதுகைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் போச்சு, வயரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். அதற்கப்புறம் அவர்கள் உஷாராகிவிட்டார்கள். மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் அணைத்துவிட்டு, ஆளுக்கொரு பேப்பரை எடுத்து விசிறிச் சூட்டை ஆற்றுவார்கள். எனக்கு ஒரு பட்டப்பெயர் வேறு வைத்திருந்தார்கள். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று என் காதாலேயே கேட்டேன்: "கரண்ட் ஆபீஸ் வந்துடுச்சுடா, ஓடு." எனக்கு அப்படிச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளே போய், வழக்கம்போலத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போனேன். அந்தப் பெயர் எனக்குத் தெரியும் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் இன்றைக்கு இந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது?

இருக்கிறது, இவருக்கு. யாரோ ஒருத்தியோடு.

மறுநாள் சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டேன். பொய்தான். கையும் களவுமாகப் பிடிப்பதற்கு அந்த ஒரு பொய் இருக்கட்டும். படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பூனை மாதிரி ஏறி, சத்தமில்லாமல் பூட்டைத் திறந்து, அறைக் கதவருகில் போய் நின்றேன். உள்ளே அவர் குழைந்துகொண்டிருந்தார்.

"உனக்காகத்தான் புது மெமரி போட்டேன். இனிமே நிக்காது. எப்படி ஓடுறேன் பாரு." கீபோர்டு படபடத்தது. "அவ்வளவு வேகமா போகாத, நானும் வர்றேன்ல. இருமல் நின்னுச்சா? வெந்நீர் குடிக்கிறியா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும்தான் உன்னைப் பார்க்கணும்போல இருக்கு. என்ன பண்றது, வீட்ல தெரிஞ்சா..."

வீட்டில் தெரிந்தால். வீடு என்றால் யார்? நான்தானே. இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்காக உழைத்ததெல்லாம், என்னிடமிருந்து ஒளித்துவைத்துக்கொண்டு இன்னொருத்திக்கு வெந்நீர் குடிக்கச் சொல்லத்தானா? பிடித்திருந்த செருப்பில் ஒன்று நழுவித் தரையில் விழுந்தது.

உள்ளேயிருந்து அவர் குரல் பதறி வந்தது.

"கரண்ட் ஆபீஸ் வந்துடுச்சுடா, ஓடு."

உலகத்தில் மூன்றே பேருக்குத் தெரிந்த பேச்சு அது. அதில் ஒருத்தி கதவுக்கு வெளியே நிற்கிறாள், ஒருத்தர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

கதவைத் திறந்தேன். அவர் பாதி எழுந்து நின்றிருந்தார். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. ஒரு கை மைக்கைப் பொத்தியிருந்தது, இன்னொரு கை தன்னால் பழைய பேப்பரைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?"

"மழைக்காலத்துலேர்ந்து."

"நீங்களா கூப்பிட்டீங்க?"

"அவன்தான் கூப்பிட்டான். 'ஓட்டுறதுக்கு ஆள் இல்லப்பா, வர்றியா'ன்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

தலையைக் குனிந்துகொண்டார். "'அம்மா கேள்வி கேக்க ஆரம்பிச்சா எனக்கு வாயே வராதுப்பா, அம்மாகிட்ட சொன்னா இனிமே வரமாட்டேன்'னான். உன்கிட்ட சொல்லணும்னு தினமும் நினைப்பேன். மறுபடியும் அவன் போயிட்டா என்ன பண்றதுன்னு பயம்."

வயிறு எரிந்தது எனக்கு. பெற்றவளை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஜோடி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அதே நேரத்தில், ஒருத்தியும் இல்லை, அவன்தான், அவன்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அழுகையும் வந்தது, அவரை நாலு சாத்து சாத்தவும் தோன்றியது. எதுவும் செய்யாமல் அவர் கழுத்திலிருந்து ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டிக்கொண்டேன். அவர் பயந்துபோய் மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

டமடமவென்று எங்கோ வெடிச் சத்தம். அதற்கு நடுவில் ஒரு இருமல். அந்த இருமலை எந்தக் கூட்டத்திலும் நான் கண்டுபிடிப்பேன்.

"அப்பா? ஆபீஸ் போயிடுச்சா?"

நாக்கு நுனி வரைக்கும் கேள்விகள் வந்து நின்றன. எங்கே இருக்கிறாய், யார் சமைக்கிறார்கள், இந்த வேலையாவது நிஜம்தானா, டாக்டரிடம் காட்டினாயா. ஒன்றைக் கேட்டாலும் போய்விடுவான். அத்தனையையும் விழுங்கினேன்.

"ஆபீஸ் இன்னைக்கு லீவுடா," என்றேன்.

திரையில் அந்த இன்னொரு சிப்பாய் ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சுற்றிலும் குண்டு பறக்கிறது, இவன் அசையவில்லை. மெமரி பத்தவில்லையா என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

பிறகு குரல் வந்தது. "அந்தப் பேர் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் செக்கிங்டா. அப்பா தனியா நிக்கிறார் பார், அவருக்கும் சேர்த்துச் சுடு."

சுட ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில் குனிந்து நின்றபடியே கீபோர்டில் கையை வைத்து ஓட்ட ஆரம்பித்தார். காதில் அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த விளையாட்டு ஒன்றும் புரியவில்லை. பழக்க தோஷத்தில் எட்டித் திரையின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.