கிணத்துக்கடவு தாண்டி நின்ற வேன்

எங்கள் வேனுக்கு நேரங்காலம் தெரியாது. கல்யாணத்துக்குப் போகும்போதும் நிற்கும், கெடா வெட்டுக்குப் போகும்போதும் நிற்கும். தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆனி மாதம், என் அப்பாவின் உடம்பை ஏற்றிக்கொண்டு கோயமுத்தூரிலிருந்து ஊருக்குப் போகும்போதும் நின்றது. கிணத்துக்கடவு தாண்டி, ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் நிற்கிற இடத்தில், இரண்டு முறை இருமிவிட்டு அப்படியே அடங்கியது.

வண்டி அப்பாவுடையது. அப்பா பேர் கந்தப்பன். தோட்டத்துக் கூலியாக ஆரம்பித்து, லாரிக்குக் கிளீனராகி, டிரைவராகி, கடைசியில் யாரோ ஓட்டித் தேய்த்த அந்த மூக்கு நீண்ட டீசல் வேனை வாங்கியவர். பொள்ளாச்சிச் சந்தைக்கு ஆள் ஏற்றுவார், ஆள் இல்லாவிட்டால் தேங்காய் ஏற்றுவார். நெஞ்சு வலி என்று முந்தின நாள் தானே வேனை ஓட்டிக்கொண்டு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் காலையிலேயே போய்விட்டார். எதிலும் அவருக்கு அவசரம்தான்.

வேனை ஓட்டியது என் வீட்டுக்காரர் கௌதமன். மில்லில் வேலை. ஸ்டியரிங் நன்றாகப் பிடிப்பார், ஆனால் எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் சூடு இருக்கிறது என்பார். அதைவிடப் பெரிய குறை, பிணம் என்றால் அவருக்கு உதறல். மாமனாராகவே இருந்தாலும் பிணம் பிணம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கிணத்துக்கடவு வரைக்கும் ஒரு தடவைகூட மேலே இருந்த கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினார்.

அம்மாவுக்கு விஷயம் தெரியாது. அதுதான் என் கவலை முழுக்க. சின்னாத்தாள், என் அம்மா, வாதம் வந்து வலது பக்கம் விழுந்து இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடந்தாள். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. வலது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடக்கும். ஊர் மளிகைக் கடைக்குப் போன் செய்யலாம் என்று சித்தப்பா மாசாணம் சொன்னபோது, ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். தெருவே திரண்டு வந்து கட்டிலைச் சுற்றி ஒப்பாரி வைக்க, எழுந்திருக்கக்கூட முடியாமல் அவள் அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பதை என்னால் தாங்க முடியாது. நான்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நானே சொல்ல வேண்டும்.

ஆனால் சித்தப்பா, போத்தனூரில் தன் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு பஸ் பிடித்து ஊருக்கு வருவதாகப் போய்விட்டார். அவர் வாசல்படியை மிதிக்கும்போதே வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்கிற ரகம். அவருக்கு முன்னால் நாங்கள் போயாக வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தான் வேன் நின்றது.

கௌதமன் சாவியைத் திருகினார். எஞ்சின் குறையில்லாமல் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். சுற்றியது, பிடிக்கவில்லை. பேட்டரியைத் தின்று தீர்க்க வேண்டாம் என்று அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தேன், டீசல் இருந்தது. டீசல் இருந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். இதற்குப் படிப்பெல்லாம் வேண்டாம். அந்த வேனில் நாலு தடவை ஊருக்குப் போய் வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன். அது நின்றுவிட்டால் இந்தப் பக்கம் இருப்பவருக்கு டிரைவர் சீட் தெரியாது. பில்டர் மேல் இருந்த ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்க அமுக்க நுரைதான் வந்தது. எவ்வளவு அமுக்கியும் நுரை தீரவில்லை. டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே போனதில் ஓரிடத்தில் வெடிப்பு விரலில் பட்டது. டூல்ஸ் பெட்டியில் கிடந்த சைக்கிள் ட்யூப் துண்டை அதன்மேல் இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டினேன்.

கட்டிக்கொண்டிருக்கும்போது பொள்ளாச்சி பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. பொள்ளாச்சியில் இறங்கி எங்கள் ஊருக்கு டவுன் பஸ் மாற வேண்டும். அந்த டவுன் பஸ் எடுப்பதற்குள் நாங்கள் பொள்ளாச்சியைத் தாண்டினால்தான் உண்டு.

மறுபடி பம்பை அமுக்கினேன். நுரை குறைந்து சுத்தமான டீசல் வந்தது. இனி எஞ்சினுக்குப் போகும் நாலு குழாயிலும் காற்றை வெளியேற்ற வேண்டும். அது ஒற்றை ஆள் வேலை அல்ல. ஒருவர் சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் குழாயின் நட்டைத் தளர்த்தி, காற்று போய் டீசல் பீச்சியதும் முடுக்க வேண்டும். சாவியை விட்டால் அது தானாகத் திரும்பிவிடும்.

அம்மா விழுகிறவரைக்கும் சாவி அவள் வேலை. அப்பா பானெட்டுக்குள் தலையை விட்டிருப்பார், அம்மா டிரைவர் சீட்டில் இருப்பாள். லாரிச் சத்தத்தில் கத்தினால் கேட்காது என்று இருவருக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஸ்பேனரால் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் திருக வேண்டும், இரண்டு தட்டினால் விட வேண்டும். வீட்டில் ஏழு தடவை கூப்பிட்டாலும் திரும்பாத அம்மா, ஸ்பேனர் தட்டுக்கு மட்டும் உடனே பணிவாள் என்று நான் கேலி செய்வேன். கௌதமனுக்கு அந்தக் கணக்கைச் சொல்லி, போய்ச் சாவியில் உட்காருங்கள் என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஒரு தட்டு தட்டினேன். எஞ்சின் சுற்றியது. முதல் நட்டைத் தளர்த்தினேன், நுரைத்துக்கொண்டு வந்து, பிறகு டீசல் பீச்சியது. முடுக்கிவிட்டு இரண்டு தட்டு தட்டினேன். சட்டென்று நின்றது. பரவாயில்லையே, மனுஷன் தேறிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது நட்டுக்கும் அப்படித்தான், மூன்றாவதுக்கும் அப்படித்தான். தட்டின கையோடு சுற்றும், இரண்டு தட்டினால் நிற்கும்.

அப்போதுதான் காற்று நின்றிருப்பதைக் கவனித்தேன். ஆனி மாதம் அந்த ரோட்டில் பாலக்காட்டுக் காற்று ஆளைத் தள்ளும். ஒரு புளிய இலைகூட ஆடவில்லை. ரோட்டில் வண்டியும் இல்லை. கௌதமன் சாவியை வெடுக்வெடுக்கென்று திருகி விடுகிறவர். இது அப்படி இல்லை. நிதானமாக, அவசரமே இல்லாமல் பிடித்துக்கொண்டிருக்கிற கை. சுற்றிப் போய் எட்டிப் பார்க்கத் தோன்றியது. வேலை முடியட்டும் என்று நாலாவது நட்டுக்கு ஒரு தட்டு தட்டினேன்.

டீசல் பீச்சியது, முடுக்கினேன், எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு தட்டு தட்ட மறந்துபோனேன். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் சாவி விடுபடவில்லை. உள்ளே ஸ்டார்ட்டர் பல்சக்கரம் பல்லோடு பல் உராய்ந்து கிறீச்சென்று கத்தியது. விட்டுத் தொலையுங்கள் என்று நானும் கத்தினேன்.

பதில் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் கௌதமன் வேனுக்கு முதுகைக் காட்டியபடி சிகரெட்டோடு நின்றிருந்தார்.

"ஏம்புள்ள இன்னும் புடிச்சுட்டே இருக்கறே? பல்லு போயிரும், சாவிய உட்று" என்றார்.

நான் பானெட்டைச் சுற்றி ஓடினேன். கதவு சாத்தியபடி இருந்தது. சீட்டில் யாரும் இல்லை. சாவி மட்டும் முழுக்கத் திரும்பி, ஸ்பிரிங்கை எதிர்த்து, அப்படியே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதைத் தொட்டேன். தொட்டதும் தளர்ந்து பழைய இடத்துக்குத் திரும்பியது. சாவி கதகதப்பாக இருந்தது. பின்னால் வெள்ளைத்துணிக்குள் அப்பா, வைத்தது வைத்தபடி கிடந்தார்.

கௌதமன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாராம். முதுகுக்குப் பின்னால் மாமனார் என்று நினைத்ததும் உட்கார முடியவில்லையாம். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டாராம். வண்டி சுற்றுகிற சத்தம் கேட்டு, நானே ஓடி ஓடி இரண்டு வேலையும் பார்ப்பதாக நினைத்தாராம். நான் பார்த்ததைச் சொன்னதும் அவர் உதடு வெளுத்தது. ஏதாவது வயர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார்.

"வயர் ஒட்டுமுங்க. ஒரு தட்டுக்கு ஒட்டி ரெண்டு தட்டுக்கு உடுமா?" என்றேன்.

அவர் சிகரெட்டைப் போட்டு மிதித்துவிட்டுச் சீட்டில் ஏறினார். எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. அப்பாதான் என்று நினைத்தேன். பயமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. செத்தும் தன் வண்டியை நடுரோட்டில் விடவில்லை மனுஷன். பொள்ளாச்சியைத் தாண்டும்போது எங்கள் ஊர் டவுன் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தது. உள்ளே சித்தப்பாவின் தலை தெரிந்தது.

தெருமுனையில் வேனை நிறுத்தச் சொல்லி, நான் மட்டும் வீட்டுக்கு நடந்தேன். பகலெல்லாம் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு ராசம்மாள் எதிரே ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மணி, உங்கம்மாளுக்கு வலது கை வந்துருச்சு சாமி. மத்தியானத்துக்கு மேல சும்மா கெடந்தவங்க, திடீர்னு கையத் தூக்கித் திருகித் திருகிப் பாக்கறாங்க. உங்கப்பன் பாத்தா குதிப்பாருங்க, எங்க அவரு?"

நான் அவளை விலக்கிவிட்டு உள்ளே போனேன். அம்மா தலையணையில் சாய்ந்திருந்தாள். வலது கை மடியில் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டி, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. கை வந்த சந்தோஷம் முகத்தில் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

"கை கடுக்குது கண்ணு" என்றாள் அம்மா.

நான் தடவிக்கொடுத்தேன். அவள் கூரையைப் பார்த்தபடி, குழறிக் குழறி, ஆனால் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"வண்டி தட்டற சத்தம் காதுல உழுந்துச்சு. திருகுனேன். ரெண்டு தட்டுக்கு உட்டேன். மூணு தடவை ஆச்சு. நாலாவதுக்கு ரெண்டு தட்டு வரவே இல்ல. எப்பத் தட்டும், எப்பத் தட்டும்னு புடிச்சுட்டே கெடந்தேன்."

வெளியே டவுன் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சித்தப்பாவின் குரல் தெருமுனையிலேயே உடைந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

"உங்கப்பன் ஒரு நாளும் ரெண்டாந்தட்டு மறந்தவரில்ல. இன்னைக்குத் தட்டுனது நீதான?"

ஆமாம்மா என்றேன்.

"எஞ்சின்ல இன்னொருத்தர் கை வெக்க உடமாட்டாரே அவரு" என்றாள். என் விரலில் ஒட்டியிருந்த டீசல் கறையைத் தடவினாள். அப்புறம் கேட்டாள். "அப்ப அவரு பின்னாலயா கண்ணு கெடந்தாரு?"

எனக்குச் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.